கல்லுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

வாசகர் கேள்வி:

"கடைவீடு ஒன்றில் பதினோரு வருடமாகத் தோசை மாவும் முறுக்கும் செய்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் இரண்டு பள்ளிக் கேண்டீனுக்கும் போடுகிறேன். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். கணவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் ஒன்பது வாரம் பட்டறையைப் பூட்டி வைத்திருந்தேன். இடையில் ஒரு ராத்திரி பெய்த மழையில் பின்பக்க லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) நிரம்பி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்து வடிந்துவிட்டது. போன வாரம் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் கழுவினோம். நாற்றம் போகட்டும் என்று குளோரக்ஸும் வினிகரும் கலந்து தரையைத் தேய்த்தோம்; கண்ணெல்லாம் எரிந்தது. இப்போது இடம் பளிச்சென்று இருக்கிறது. 'இதுக்கு மேல என்ன அண்ணி சுத்தம் வேணும், திங்கட்கிழமை ஆரம்பிச்சிடுங்க' என்கிறார் கொழுந்தனார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சுத்தமாகிவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது? ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா? அதிகாரிகளிடம் சொல்ல வேண்டுமா? ஒரு கம்பெனிக்காரர் வந்து மருந்துப் புகை அடித்துத் தருகிறேன் என்கிறார், அடிக்கலாமா?"

– பெயர் வேண்டாம், பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா

அன்புச் சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கண் எரிச்சல்.

குளோரக்ஸ் என்ற வெளுப்புத் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு வினிகரோ எலுமிச்சையோ, புளிப்பு எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-இல் இப்ர் போர்முனையில் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டார்களே, அதே வாயு. கதவு ஜன்னல் திறந்திருந்ததால் உங்களுக்குக் கண் எரிச்சலோடு போயிற்று. கழிவறை கழுவும் ஆசிட்டோடும், அம்மோனியா கலந்த தரைத் திரவத்தோடும் குளோரக்ஸைச் சேர்க்கக் கூடாது. உங்கள் பெண்களில் யாருக்காவது இருமலோ நெஞ்சு இறுக்கமோ இன்னும் இருந்தால், இன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்புங்கள். என்ன கலந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. திங்கட்கிழமை வேண்டாம். முறுக்கை அந்த வாரக் கடைசியில் தொடங்கலாம். மாவு இன்னும் ஒரு வாரமாவது பொறுக்கட்டும். கொழுந்தனார் மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அவர் பார்த்தது தரையையும் மேசையையும். கெட்டுப்போவது அங்கிருந்து தொடங்குவதில்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் தேங்காய்ப்பால் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தேன். பெருநாள் விடுமுறை பத்து நாள். திரும்பி வந்து லைன் முழுக்கக் கழுவினார்கள். குழாயும் தொட்டியும் முகம் பார்க்கலாம் போல மின்னின. வேலைக்கு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள், மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருபது நிமிடம் சுற்றி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பொட்டலங்கள் தலையணை மாதிரி உப்பி வந்தன. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே போனால், ஒரு வால்வின் ரப்பர் வளையத்துக்குப் பின்னால் கறுப்பாக, வழவழவென்று, மோதிரம் போட்ட மாதிரி ஒரு படலம். கழுவியவர்கள் வெளியே தெரிந்த அத்தனையையும் ஒழுங்காகத்தான் கழுவியிருந்தார்கள். அந்த வளையத்தைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். கழுவுகிறவரும் சரிபார்க்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். இரண்டு நாள் முதுகு ஒடியத் தேய்த்தவருக்கு அழுக்கு கண்ணில் படாது. மனித இயல்பு அது. உங்கள் பட்டறையில் ஐந்து பேர்தான். ஆகவே மாவுப் பக்கம் கழுவியவர் முறுக்குப் பக்கத்தைப் பார்க்கட்டும், முறுக்குப் பக்கம் கழுவியவர் மாவுப் பக்கத்தைப் பார்க்கட்டும். உங்கள் சமையலறை அலமாரியில் தூசி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் நாத்தனாரோ மாமியாரோ இருந்தால் இன்னும் நல்லது, ஒருநாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு முன்னால் தூக்கிப் போட வேண்டியவை இருக்கின்றன. தண்ணீர் தொட்ட அரிசி, உளுந்து, மாவு மூட்டை எதுவும் வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும், பார்க்காதீர்கள். தண்ணீர் தொடாவிட்டாலும், பிரித்த மூட்டை ஒன்பது வாரம் பூட்டிய அறையில் நம் ஊர்ப் புழுக்கத்தில் கிடந்திருக்கிறது. 1988 அக்டோபரில் பேராக்கில் நூடல்ஸ் சாப்பிட்டு 13 குழந்தைகள் இறந்துபோனது உங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பூஞ்சணம் பிடித்த தானியத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கியதுதான் காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. நூடல்ஸும் வெந்த பண்டம்தானே. நாலு மூட்டைக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, லேபிள் என்று தரையோடு அடுக்கியிருந்த பொட்டலச் சாமான்களும் அதோடு போகட்டும். மரக் கரண்டி, மரப் பலகை தண்ணீரில் கிடந்திருந்தால் அதுவும்தான். தூக்கிப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள், காப்புறுதி இருந்தால் உதவும்.

அடுத்தது தண்ணீர். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஒன்பது வாரம் குழாயிலும் கூரைமேல் தொட்டியிலும் நின்ற தண்ணீரில் குளோரின் என்றோ போயிருக்கும். குழாயின் உள்சுவரில் வழவழப்பு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரால்தான் பட்டறை முழுக்கக் கழுவியிருக்கிறீர்கள்! தொட்டியை வடித்து, சேற்றை எடுத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு குழாயாக, மூலையில் யாரும் திறக்காத குழாய் உட்பட, நன்றாக ஓடவிடுங்கள். வடிகட்டி மாட்டியிருந்தால் அதன் உள்பகுதியை மாற்றிவிடுங்கள், கழுவி மாட்டாதீர்கள். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையிலேயே குளோரின் பார்க்கும் தாள் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தரம். அது வந்த பிறகு, மாவு தொடும் பகுதிகளை மறுபடி ஒருமுறை கழுவ வேண்டும். உங்கள் இரண்டு நாள் உழைப்பு வீண் என்று சொல்லவில்லை, மேல் அழுக்கு போய்விட்டது. இனிக் கழுவுவது சுலபம்.

பின்பக்க லோங்காங் தண்ணீர் என்றால் எலி மூத்திரமும் சேர்ந்துதான் வரும். உங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனை. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் 1917-இல் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமே உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறது. பழக்குலை இருக்குமிடத்தில் எலி இருக்கும். கோட்டான் வளர்த்தும்கூட தோட்டங்களால் அதை ஒழிக்க முடியவில்லை. அதனால் கழுவும் நாளில் காலில் சிறு வெட்டோடு தண்ணீரில் நின்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு இருந்துவிட வேண்டாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பட்டறைக்குள் எலிப் புழுக்கை, கரப்பான் முட்டைக்கூடு, சுவரோரம் எண்ணெய் பட்டாற்போல் கறுப்புக் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புக் கோடு என்றால் எலி உடம்பை உரசிக்கொண்டு நடந்த வழி. உள்சாக்கடையைத் தனி பிரஷ்ஷால், மற்றதையெல்லாம் தொடுவதற்கு முந்தின நாளே தேய்த்து முடித்துவிடுங்கள். கழுவிய மெஷின் பக்கத்தில் இருக்கும்போது சாக்கடையில் ஹோஸ் பைப்பைப் பீய்ச்சி அடித்தால், அந்தச் சாரல் மெஷின் மேல்தான் வந்து உட்காரும்.

இப்போது கிரைண்டர். இதைத்தான் தலைப்பில் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் இருப்பது சாய்க்கும் வகைப் பெரிய கிரைண்டர் என்று ஊகிக்கிறேன். மோட்டாரும் பெல்ட்டும் கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்கும். கணுக்கால் தண்ணீர் அங்கே போயிருக்கும். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிறகு உருளைக் கற்களைத் தூக்குங்கள். தூக்கினால் மட்டும் போதாது, கல்லைப் பிடித்திருக்கும் கம்பியிலிருந்தும் கழற்றுங்கள். கல்லின் நடுத்துளைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும். அதற்கும் கல்லுக்கும் இடையில் நகம் போகும் அளவுதான் இடைவெளி, ஆனால் பதினோரு வருட மாவு அங்கே போயிருக்கிறது. காய்ந்து சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு போல இருந்தால் பழையது. மஞ்சளாகப் பிசுபிசுவென்று இருந்து புளித்த கள் வாசனை அடித்தால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். டிரம்மின் நடுவில் அச்சு ஏறி நிற்கும் இடத்தைச் சுற்றிலும், டிரம்மின் அடிக்கல்லும் எவர்சில்வர் சுவரும் சேரும் மடிப்பிலும் அதே கதைதான்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். பரப்போடு ஒட்டினாற்போல், சாய்வாக அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத படலம் சாய்வு வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக நிழல் காட்டும். பிறகு வெள்ளை டிஷ்யூவை ஈரமாக்கி மூலையில் அழுத்தித் துடையுங்கள். நிறம் ஏறினால் மறுபடி கழுவ வேண்டும். எவர்சில்வர் பரப்பில் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் தண்ணீர் துணி விரித்தாற்போல் ஒரே தாளாக வழியும். எண்ணெய்ப் பசை இருந்தால் அறுந்து அறுந்து, சேப்பங்கிழங்கு இலைமேல் ஓடுவதுபோல் முத்து முத்தாக நிற்கும். மூடி உள்ள பாத்திரங்களையும் சில்லரையும் (மாவு வைக்கும் குளிர்பெட்டியை) ராத்திரி மூடி வைத்து, காலையில் திறந்த அந்த நொடியில் முகர்ந்து பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை. நான் போகும் இடங்களில் பாதிக்கு மேற்பட்ட குறைகளை டார்ச்சும் டிஷ்யூவும் மூக்கும் வைத்தே பிடித்துவிடுகிறேன், கருவி பெட்டியிலேயே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போன பிறகுதான் குளோரின். அழுக்கின் மேல் குளோரினை ஊற்றினால் அது அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிவரை போய்ச் சேராது. சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, பார்த்து, அதற்குப் பிறகே கிருமிநீக்கம். புட்டியில் 5.25 சதவீதம் என்று இருந்தால், 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி ஊற்றினால் சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு குளோரின்) வரும், 40 மில்லி ஊற்றினால் சுமார் 200. உணவு தொடும் பரப்புக்கு 200-ஐத் தாண்ட வேண்டாம். வாசனை சேர்த்த வகை வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். "கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் நல்லது" என்பது நம் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், என் அம்மாவுக்கும் உண்டு. அதனால் எவர்சில்வர் புள்ளி புள்ளியாக அரித்து, அந்தப் புள்ளிகளே கிருமிக்கு வீடாகிவிடும். கலந்ததை அன்றைக்கே பயன்படுத்தி முடியுங்கள். பழைய புட்டியில் வீரியம் குறைந்திருக்கும் என்பதால் பிபிஎம் பார்க்கும் தாளில் ஒருமுறை நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியும் வேண்டாம் என்பதில்லை. பெரிய தொழிற்சாலைகளில் ஏடிபி சோதனை என்று ஒன்று செய்கிறார்கள். கம்போங் குவாந்தானுக்கு ராத்திரி படகேறிப் போய் ஆற்றோரம் மின்மினி பார்த்திருப்பீர்கள், உங்களிடமிருந்து அதிக தூரமில்லை. அந்தப் பூச்சியை மினுக்க வைக்கும் நொதி இருக்கிறதே, அதே வகை நொதியைத்தான் இந்தச் சோதனைக் குச்சியில் வைத்திருக்கிறார்கள். உயிருள்ள எதிலும், உணவு மிச்சத்திலும், ஏடிபி என்ற பொருள் உண்டு. துடைத்த குச்சியை உள்ளே தள்ளிக் குலுக்கினால் ஏடிபி இருக்கும் அளவுக்கு ஒளி வரும், கருவி அதை எண்ணாகக் காட்டும். அரை நிமிட வேலை. ஆனால் அது உணவு மிச்சத்தையும் கிருமியையும் பிரித்துக் காட்டாது. முறுக்குச் சுட்ட எண்ணெய்ப் படலத்திலும் வெறும் மாச்சத்திலும் ஏடிபி குறைவு; எண் சின்னதாக வந்து ஏமாற்றிவிடும். குளோரின் ஈரம் இருந்தாலும் ஒளி மங்கும். அதனால் கழுவி அலசிய பிறகு, குளோரின் போடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். ஐந்து பேர் பட்டறைக்கு நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். புரத மிச்சம் இருந்தால் நிறம் மாறும் குச்சிகள் தனியாக விற்கிறார்கள், அதற்குக் கருவி தேவையில்லை. உளுந்தில் புரதம் அதிகம் என்பதால் உங்கள் கிரைண்டருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், ஆனால் எல்லா இடத்தையும் அல்ல. ஐந்து போதும்: கல்லின் அடி, டிரம்மின் நடு அச்சுப் பக்கம், மாவு அடைக்கும் குழாய் வாய், பொட்டலமிடும் மேசை, சில்லர் கதவு ரப்பர். குழாய்த் தண்ணீர் ஒரு புட்டி தனியாக. சுத்தமாக இருக்கும் என்று நீங்கள் நம்பும் இடத்தைத் துடைத்து அனுப்பினால் காசுக்குத்தான் கேடு. சந்தேகப்படும் இடத்தைத் துடையுங்கள். மேசை போன்ற தட்டையான இடத்தில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டத்தைத் துடைப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும், உறையவிடக் கூடாது. 'சாம்' (ஆய்வகங்களுக்கான மலேசிய அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமா என்று கேளுங்கள். இன்னொன்றும் மறக்காமல் கேளுங்கள்: குச்சி இருக்கும் திரவத்தில் குளோரினை முறிக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்களா? சேர்க்காவிட்டால் துடைத்தபோது ஒட்டிய குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே போகும், அறிக்கையில் சுழியம் வரும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

மொத்தக் கிருமி எண்ணிக்கை, கழிவு கலப்பைக் காட்டிக்கொடுக்கும் கிருமிகளான கோலிஃபார்ம், ஈ.கோலி, இவற்றோடு பேசிலஸ் சீரியஸ் என்பதையும் கேளுங்கள். அரிசியோடு கூடவே வரும் கிருமி அது. வித்தாக மாறிக் காய்ந்து கிடக்கும், கொதிக்க வைத்தாலும் சாகாது, ஈரமும் சூடும் கிடைத்ததும் முளைக்கும். அதில் ஒரு வகை விடும் நஞ்சு வாந்தியை உண்டாக்கும், சுட்ட தோசையிலும் அது அழியாது. கல்லுக்கு அடியில் நான் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் அதுதான். தட்டில் வளர்ந்து எண்ணுவதற்கே இரண்டு நாள் ஆகும், உறுதிப்படுத்த மேலும் சில நாள். வேலை நாள் கணக்கில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாவைப் பொறுக்கச் சொன்னது அதற்காகத்தான். வரும் அறிக்கையை ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை துடைக்கும்போது உங்கள் பட்டறையின் எண்ணோடு ஒப்பிட அதுதான் அளவுகோல்.

முறுக்கு அறைக்கு இதற்கு நேர்மாறான புத்தி வேண்டும். அங்கே தண்ணீர்தான் எதிரி. மாவுத் தூசி ஒட்டிய மூலையில் தண்ணீர் பட்டால் பசையாகிப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பிரஷ், வேக்குவம், ஒற்றும் துணி, கடைசியில் 70 சதவீத ஆல்கஹாலில் துடைப்பது, அவ்வளவுதான். வெள்ளம் தொட்ட அடிப்பகுதியை மட்டும் ஈரமாகக் கழுவி, மின்விசிறி வைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஆல்கஹால் துடைக்கும்போது கேஸ் அடுப்பு எரியக் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முறுக்கு அச்சின் தட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள், அடைத்த துளை இருந்தால் ஊசி போட்டுக் குத்தி எடுங்கள். பழைய எண்ணெயை வடிகட்டி ஊற்றும் எண்ணமே வேண்டாம்.

சில்லரைக் காலியாக ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு 4 டிகிரிக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். கதவில் எண் காட்டும் பெட்டியை நம்பாமல் தனித் தெர்மாமீட்டர் வையுங்கள். அந்தத் தெர்மாமீட்டரையும் நொறுக்கிய ஐஸ் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 காட்ட வேண்டும்.

அதிகாரிகள் விஷயம். நீங்களாகவே பூட்டியிருக்கிறீர்கள். 1983 உணவுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் சுகாதாரத் துறை 14 நாள்வரை மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுமே, அது வேறு. உங்களைச் சீல் உடைக்க யாரும் வர வேண்டியதில்லை. ஆனாலும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, தண்ணீர் புகுந்தது, இன்னின்ன செய்தோம், இந்தத் தேதியில் தொடங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். சுகாதார அமைச்சு தரும் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருந்தால் துப்புரவுப் பதிவுகள் அதற்கும் தேவைப்படும். சில தவ்கேமார்கள் (முதலாளிகள்) "நாமே போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்" என்பார்கள். முன்கூட்டிச் சொன்னவரை அதிகாரிகள் விரட்டி நான் பார்த்ததில்லை. பள்ளிக் கேண்டீனுக்கு மாவு போடுகிறவருக்கு அந்த ஒரு போன் பெரிய பாதுகாப்பு. கூடவே, 2009 உணவுத் தூய்மை விதிமுறைகள் கேட்கும் தைபாய்டு ஊசிக்கு நாள் கடந்துவிட்டதா என்று நான்கு பேரின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியது, ஒன்பது வார லீவில் யாருக்காவது தேதி தாண்டியிருக்கும்.

மருந்துப் புகை வேண்டாம். அது காற்றில் மிதந்து வந்து மேல்பரப்பில் படியும். கல்லின் துளைக்குள் போகாது, வளையத்துக்குப் பின்னால் போகாது, படிந்த இடத்தில் மருந்தின் மிச்சத்தை விட்டுப் போகும், அதையும் நீங்கள்தான் கழுவ வேண்டும். கம்பெனிக்காரர் தரும் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்தக் காசை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கரப்பான் தொல்லை இருந்தால் அது வேறு வேலை, அதற்குரிய ஆளை மெஷினையெல்லாம் மூடிவிட்டுக் கூப்பிடுங்கள்.

அறிக்கை சரியாக வந்ததும் முதல் அரவை. அது விற்பதற்கு இல்லை. சிறிதளவு அரிசி உளுந்தை வழக்கம்போல் ஊறப்போட்டு, அரைத்து, வழக்கமான நேரம் புளிக்கவைத்துப் பாருங்கள். பொங்கும் நேரம், வாசனை, நிறம் மூன்றும் உங்கள் கைக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறதா? வழக்கத்தைவிடச் சீக்கிரம் பொங்கினாலும், ரோஜா நிறமோ ஆரஞ்சு நிறமோ கீற்றுப் போல் தெரிந்தாலும், மறுபடி கல்லைக் கழற்றுங்கள். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வைத்திருந்தால் புளித்த பிறகு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். ஒரு பொட்டலத்தை சில்லரில் வைத்து, லேபிளில் நீங்கள் போடும் கடைசித் தேதிவரை தினமும் பாருங்கள்.

மீதி மாவைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம், வீணாக்குவானேன் என்று நிச்சயம் தோன்றும். வேலை செய்யும் பெண்களே வீட்டுக்கு எடுத்துப் போகிறோம் என்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த முதல் அரவை கல்லையும் குழாயையும் துடைக்க ஊற்றிய மாவு. இரட்டைப் பையில் கட்டிக் குப்பை லாரி வரும் நாளில் போடுங்கள். பின்பக்க லோங்காங்கில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், எலிக்கு நீங்களே விருந்து வைத்தாற்போல் ஆகிவிடும்.